இங்கிலாந்து ராணியும் எங்கள் அம்மாவும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ராணி என்றால் எனக்குத் தெரிந்தது கனடாக் காசில் இருக்கும் முகம் மட்டுந்தான். நானூறு வருசத்துக்கு முந்திய இன்னொரு ராணியைப் பற்றி மொன்றியல் ஆஸ்பத்திரி அறை ஒன்றில்தான் கேள்விப்பட்டேன். அம்மா அங்கே ஈரல் புற்றுநோயோடு கிடந்தார்.

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். அண்ணை துறைமுகத்தில் வேலை செய்தபோது விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் புரட்டஸ்தாந்துச் சபைக்காரர். தம்பியாகிய நான் அப்போது பக்கத்து நகரமான லவாலில் வாங்குவதற்கு வீடு பார்த்துக்கொண்டு திரிந்தேன். எழும்பி நடந்ததும் அண்ணை அவர்களுடைய சபைக்கே போய்விட்டார். மதம் மாறிவிட்டார் என்று அவரை ஏசினேன். சோற்றைப் பற்றி மூச்சும் விடவில்லை.

காலையில் நான் அம்மாவின் கட்டில் கம்பியில் செபமாலையைக் கட்டுவேன். பின்னேரம் அண்ணை கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவார்.

"மணியிட்ட மண்டாடாத. ஆண்டவரிட்டக் கேள்," என்றார் ஒருநாள்.

"அம்மா அறுபது வருசமா உருட்டின மணி அண்ணை. நீங்கள் நேற்று மாறின ஆள்."

"செத்தவைக்குச் செபம் சொல்லுறது பிழை. செத்தவீட்டில நீ அதைத் தொடங்கினா நான் நிக்க மாட்டன்."

"நான் இன்னும் சாகேல்லையடா," என்றார் அம்மா.

என் மனைவி ஊரில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுபவள். எங்கள் இருவருக்கும் அதையே செய்ய வேண்டும்போல் அவளுக்கு இருந்திருக்கும்.

"மாமி, இங்கிலாந்திலயும் உப்பிடித்தான் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தும் அடிபட்டவை. பேந்து ஒரு ராணி வந்து சட்டம் போட்டா. எல்லாருக்கும் ஒரே கோயில், ஒரே செபப் புத்தகம். ரெண்டு பக்கத்துச் சொல்லிலையும் கொஞ்சம் அதுக்குள்ள விட்டா. ஞாயிற்றுக்கிழமை வராட்டித் தண்டம்."

"சண்டை நிண்டதோ?"

"கன ஆக்கள் வந்தவை மாமி. மனசும் வந்ததோ தெரியாது."

"ஆள் வந்தாக் காணும்," என்றார் அம்மா. அன்றே சட்டம் போட்டார்.

அவருடைய செத்தவீட்டில் கர்த்தர் கற்பித்த செபத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நாங்கள் ஆமென் சொல்லும் இடத்தில் அண்ணையின் சபைக்காரருக்கு இன்னும் ஒரு வரி இருக்கிறது. அண்ணை அந்த வரியை முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. பிறகு நான் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லலாம். அது முடியும்வரை அண்ணை அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

"தண்டம் எவ்வளவு, மகாராணி?" என்று நான் பகிடி விட்டேன்.

"மீறினவன் என்ர பெட்டியைத் தொடக் கூடாது."

பெப்ரவரியில் அம்மா போனார். கோயிலில் பெட்டியின் ஒரு பக்கம் அண்ணை, மறுபக்கம் நான். அவருடைய குரலை என் குரலுக்குப் பக்கத்தில் கேட்டு ஐந்து வருசம் இருக்கும். ஆமென் வந்தது. அண்ணை மூச்செடுத்துத் தன் வரியைத் தொடங்கினார். என் வாய், நாற்பது வருசப் பழக்கத்தில், "அருள்நிறைந்த மரியே" என்று உரத்துப் பாய்ந்தது. பின்னாலிருந்த சனமெல்லாம் என்னோடு சேர்ந்துகொண்டது.

அண்ணை பாதி வரியில் வாயை மூடினார். ஆனால் போகவில்லை. பத்து மணியும் முடியும்வரை நின்றார்.

பெட்டியைத் தூக்கும்போது நான் கையை எடுத்தேன். "பிடியடா" என்று சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் என் இடத்தைக் காட்டி, கறுப்புக் கோட்டுப் போட்ட சவச்சாலைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டார். வாயால் பிழைவிட்டவன் நான். அன்றைக்கு வெறுங்கையோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

குழி வெட்ட ஏலாதபடி நிலம் பனியில் உறைந்திருந்தது. அதுவரை பெட்டி சவச்சாலையில் இருக்கும், அடக்கம் மே மாதம் என்றார்கள். அடக்கத்துக்கு வரச்சொல்லி ஏப்ரலில் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"என்ர கடமை முடிஞ்சுது," என்றார். "அம்மாவின்ர சட்டத்தை நான் மீறேல்லை."

குழியருகில் நானும் மனைவியும் சுவாமியாரும் மட்டும் நின்றோம். செபம் சொன்னோம். ஆமென் வந்தது. சுவாமியார் அடுத்த செபத்துக்கு வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அண்ணையின் அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்கிற நேரம்வரை அப்படியே நின்றோம்.