அய்யாக்கண்ணுவின் சொடுக்கு

ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அய்யாக்கண்ணுவுக்கு ஒரு பழக்கம். பொத்தானை அழுத்துமுன் விரலைச் சொடுக்கி, "இங்க பாருங்க, ரெடி!" என்பார். கல்யாணப் பெண்ணானாலும் கைக்குழந்தையானாலும் அந்தச் சொடுக்குக்குத் திரும்பாத முகம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொடுக்குதான் அவருக்குச் சோறு போட்டது.

மனைவி ராஜம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், அவள் வைத்த செம்பருத்தியில், பின்கட்டு ஜன்னலுக்கு நேரே, ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும், பக்கத்து வீட்டுக் காத்தாயி பட்டு நூல் சுற்றும்போது உதிர்ந்த கழிவுமாகக் கூடு பை மாதிரித் தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கியது. அவை பறந்துவிட்டால் வீடு மறுபடியும் ஊமையாகிவிடும். அதற்குள் தாய்க்குருவி ஊட்டுவதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தவித்தார்.

கேமராவில் மிச்சம் இருந்தது ஒரே படம். புது பிலிம் ரோல் வேலூரிலிருந்து வர நாலு நாளாகும். குஞ்சுகளோ இறகு முளைத்து வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை, படவேட்டு ரேணுகாம்பாள் படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, ஜன்னலில் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் காத்தாயி சிரித்தாள். "இன்னாண்ணா, கடையத் தொறக்காம குந்திகினு கீற? குருவிக்கு பாஸ்போட்டு போட்டோவா?"

"சும்மா இரும்மா, பயந்துக்கப் போவுது."

"அதுக்காச்சும் ஜல்தியா கழுவிக் குடு. என் மவ காதுகுத்துப் போட்டோ இன்னும் வர்ல!"

பத்து மணிக்கு வெயில் கூட்டின் வாயில் விழுந்தது. தாய்க்குருவி இரையோடு வந்து தொற்றியது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. ஆனால் தாயின் முகம் அந்தப் பக்கம் இருந்தது. அய்யாக்கண்ணு மூச்சை அடக்கினார். கை தானாக எழுந்தது, விரல் சொடுக்கியது.

"இங்க பாரும்மா, ரெடி!"

குருவி பறந்த பிறகுதான் பொத்தான் அழுந்தியது.

மறுநாள் விடிந்தபோது கூடு காலி.

படத்தைக் கழுவிப் பார்த்தார். கூடும், பிளந்த இரண்டு வாய்களும், அவ்வளவுதான். கிழித்துப்போட மனம் வரவில்லை. சட்டம் போட்டு, கடைக் கண்ணாடி அலமாரியில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவே வைத்தார்.

"இன்னாங்க இது? தாய் எங்க?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"இங்கதாங்க இருந்திச்சி," என்பார் அய்யாக்கண்ணு. "நான்தான் கூப்பிட்டுட்டேன்."