எக்கோ ஒரு மலை அல்ல

டீச்சருக்குப் பகலில் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குச் சரித்திரமும் உலக இலக்கியமும் சொல்லிக்கொடுத்தார். "பகல்ல தாளைத் திருத்துவாங்க, சாயங்காலம் ஆளைத் திருத்துவாங்க" என்று மாணவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். அந்த மாணவர்கள் எல்லோருமே அவரைவிட மூத்தவர்கள்.

வகுப்பு நடக்கும் இடம் பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பெஞ்சுகள் தாழ்வானவை. கால் நீண்டவர்கள் பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும். சுவரில் யானையும் முயலும் பெருக்கல் வாய்ப்பாடும் ஒட்டியிருக்கும். டீச்சரும் இதே பெஞ்சில், இதே மாலைப் பள்ளியில் படித்துத் தேறியவர்தான். அந்தக் காலத்தில் கிரேக்கப் புராணம் என்றால் குறிப்பு எழுதிப் போடுவார்கள். எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் கக்கிவிட்டு வர வேண்டும். "எக்கோ சாபம் பெற்ற விதம் யாது?" என்ற கேள்விக்கு டீச்சர் முழு மதிப்பெண் வாங்கினார். பிறகு அச்சகத்தில் சேர்ந்து ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் பிழை பார்க்கும்போதுதான் எக்கோ என்பது ஒரு பெண் என்று அவருக்குத் தெரிந்தது. அதுவரை அது ஏதோ ஒரு மலையின் பெயர் என்றே நினைத்திருந்தார். குறிப்பில் மலை, குகை, எதிரொலி என்றுதான் வருமே தவிர, அவள், அவளுடைய என்று ஒரு சொல்கூட வராது.

அதனால் அந்தப் பாடம் தன் கைக்கு வந்தவுடன் தலைமை ஆசிரியரிடம் போய், குறிப்பு வேண்டாம், வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து குழுவுக்கொரு கதையை அவர்களே உருவாக்கிக் காட்டட்டும் என்று கேட்டார்.

தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல. குறிப்பு எழுதிப் போட்டே நிறையப் பேரைக் கரையேற்றியவர். "விளையாட்டா இருக்கும்மா. நாளெல்லாம் உழைச்சிட்டு வர்றவங்க. இதுக்கு எல்லாம் நேரம் எங்க?" என்றார். கடைசியில், "சரி. மாசக் கடைசியில நானே வந்து உட்காருவேன். ஒரு குழு தடுமாறினாலும் பழையபடி குறிப்புதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

ஒரு குழு, மனித உடலும் காளைத் தலையுமான ஒன்று அடைபட்டுக் கிடந்த சிக்கல் வழியைத் தாழ்வாரம் முழுக்கச் சாக்கட்டியால் வரைந்தது. மறுநாள் காலையில் வந்த சின்னப் பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடிவிட்டு, கூட்டிப் பெருக்க வந்தவரைத் துடைக்க விடவில்லை. இன்னொரு குழு, மெழுகில் ஒட்டிய சிறகோடு சூரியனை நெருங்கியவனுக்கு அட்டைப் பெட்டியில் சிறகு செய்தது. இரண்டும் நன்றாகவே வந்தன. டீச்சருக்குத் தலைவலியாக அமைந்தது எக்கோ குழு.

அதில் மூன்று பேர். ஒருவர் சலூன் வைத்திருப்பவர். இன்னொருவர் அவருடைய மனைவி, பள்ளிச் சீருடை தைப்பவர். மூன்றாவது, ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் அம்மாள். எல்லோருக்கும் அவர் ஆயாம்மா. கதை சின்னதுதான். எக்கோ ஓயாமல் பேசுகிறவள். தன்னைப் பேச்சில் மயக்கி ஏமாற்றிவிட்டாள் என்று ஹீரா என்ற தேவி அவளைச் சபிக்கிறாள்: இனி நீயாக ஒரு வார்த்தை பேச முடியாது, அடுத்தவர் பேச்சின் கடைசி ஓரிரு சொல்லை மட்டுமே திருப்பிச் சொல்லலாம். அந்த நிலையில் எக்கோ, நார்சிசஸ் என்ற அழகன்மேல் ஆசை வைக்கிறாள். அவன் அவளை உதறிவிட்டு, குளத்தில் தெரிந்த தன் முகத்திலேயே மயங்கிக் கிடக்கிறான்.

ஆயாம்மா ஹீரா. சலூன்காரர் நார்சிசஸ். அவருக்கு முன்பக்கம் முடி கிடையாது. "காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறேன், என் மூஞ்சியைப் பார்க்கத்தான் நேரம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வேஷத்தை ஏற்றுக்கொண்டார். மனைவி எக்கோ என்றதும் வகுப்பே சிரித்தது.

"அண்ணி சும்மா இருக்கணுமா? அது சாபம் இல்லை, அண்ணனுக்குக் கிடைச்ச வரம்" என்றது பின்பெஞ்சு.

முதல் ஒத்திகையில் தொடக்கம் சரியாகவே போயிற்று.

"யாராவது இருக்கீங்களா?" என்றார் சலூன்காரர்.

"இருக்கீங்களா?" என்றார் மனைவி.

"வெளியே வா."

"வா."

"உன்னை எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலை."

"உன்கூட வாழ மாட்டேன்."

"மாட்டேன்."

ஆயாம்மா கையில் வைத்திருந்த அட்டைக் கிரீடத்தைக் கீழே வைத்தார். "என்னடி இது, அவனைவிட நீதானே பிடிக்கலைன்னு அடிச்சுச் சொல்றே."

"ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டாங்க. கோர்ட்டுல கேஸ் சீக்கிரம் முடியும்" என்றது பின்பெஞ்சு.

எல்லோரும் சிரித்தபோது டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பிழை எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது இந்த மூவரின் பிழை அல்ல. நம் வாக்கியத்தில் மாட்டேன், இல்லை, வேண்டாம் எல்லாம் கடைசியில்தான் வந்து உட்காரும். கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியவள் தமிழ் பேசினால், மறுப்பை மட்டும்தான் பிடிப்பாள். ஆசைப்பட்டவளின் கதை, உதறியவளின் கதையாகிவிடும். தலைமை ஆசிரியர் பார்த்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

மறுப்பு கடைசியில் வராதபடி வீட்டில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தார். மறுநாள் கொண்டுவந்த வசனத்தைச் சலூன்காரர் ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இப்படி எவன் பேசுவான்?"

அது சரிதான். புத்தகம் பேசுவதுபோல இருந்தது. எக்கோவின் குரலையே எடுத்துவிட்டு, நடந்ததை ஆயாம்மாவைச் சொல்ல வைக்கலாமா என்று டீச்சர் கேட்டார்.

தைக்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே அவ வாயைப் பிடுங்கியாச்சு. மிச்சம் இருக்கிற ஒரு வார்த்தையையும் நாம பிடுங்கணுமா டீச்சர்?"

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. ஒரு நாள் சீருடை வேலை முடியாமல் தைக்கிறவர் தாமதமாக வந்தார். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து காத்திருந்த சலூன்காரருக்கு முகம் கடுத்துப் போயிருந்தது.

"வந்துட்டா மகாராணி. வேணாம் டீச்சர் எனக்கு இந்த வேஷம். கடையில உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பி அனுப்பிட்டு வந்திருக்கேன்."

"நான் என்ன ஊர் சுத்திட்டா வர்றேன்?"

"பேசாதே நீ. முடியாது இனிமே என்னால. சேர்ந்து படிக்க வந்ததே தப்பு உன்கூட."

தைக்கிறவர் பையைப் பெஞ்சின்மேல் வைத்தார். பதிலுக்குப் பாய்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மெதுவாக, "உன்கூட" என்றார்.

சலூன்காரர் ஒரு கணம் விழித்தார். "விளையாடாதே. கெட்ட கோவம் வரும் எனக்கு."

"எனக்கு."

டீச்சர் எழுந்துவிட்டார். "அண்ணே, அப்படியே நில்லுங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

"ஏதோ கோவத்துல வந்துடுச்சு டீச்சர். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் அக்காகிட்ட கேளுங்க. எனக்கு அந்தக் கோவம் வேணும். 'உன்கூட சேர்ந்து வந்தது தப்பு'ன்னு சொல்லலை நீங்க. தப்பை முன்னாடி போட்டுட்டீங்க. 'உன்கூட' கடைசியில விழுந்துடுச்சு."

வகுப்புக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கோபம் வந்தால் நாம் எல்லோருமே வாக்கியத்தைப் புரட்டித்தான் போடுகிறோம். மறுப்பு முண்டியடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறது. யாரை மறுக்கிறோமோ அவர் வாலில் நிற்கிறார். நார்சிசஸும் கோபக்காரன்தானே. அப்புறம் வசனத்தை டீச்சர் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆயாம்மா, வார்டில் கேட்ட சண்டைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார். பின்பெஞ்சு தங்கள் வீட்டுச் சண்டைகளைத் தானம் செய்தது. டீச்சர் அவற்றில் பொருத்தமானதைப் பொறுக்கி, அதிகப்படியான சொல்லை வெட்டினார்.

தலைமை ஆசிரியர் சொன்னபடி வந்தார். பெஞ்சில் கால் கொள்ளாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். சலூன் கண்ணாடி ஒன்று தரையில் குளமாகப் படுத்திருந்தது.

"பிடிக்கலை எனக்கு உன்னை" என்றார் சலூன்காரர்.

"உன்னை."

"வராதே என் கிட்ட."

"கிட்ட."

"செத்தாலும் தர மாட்டேன் உனக்கு என்னை."

தைக்கிறவர் உடனே சொல்லிவிடவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒரு இடைவெளி விட்டார். பிறகு, "உனக்கு என்னை" என்றார்.

டீச்சர் சுவரில் இருந்த வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தை வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் தலைமை ஆசிரியர், மனப்பாடம் வராது என்று பேர்பெற்ற சலூன்காரரையே எழுப்பினார். "எக்கோ பெற்ற சாபம் யாது?"

"பேச்சு போனது இல்லை சார் சாபம். பேச்சை ஆரம்பிக்க முடியாம போனது. எதிர்ல இருக்கிறவன் வாயிலேர்ந்து விழுறதுல தனக்கு வேண்டியதை அவ பொறுக்கிக்கணும். அவன் கொஞ்சம் நல்ல வார்த்தையாப் பேசியிருந்தா, அவளுக்கும் நல்லதாக் கிடைச்சிருக்கும். அவனுக்குத்தான் தன் மூஞ்சியைப் பார்க்கவே நேரம் பத்தலையே."

தலைமை ஆசிரியர் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்திருந்த பேனாவை மூடிவைத்தார்.

"இதைத் தேர்வுலயும் இப்படியே எழுதுவீங்களா?"

"எழுத்துப் பிழை வரும் சார். கதையில வராது."

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "குறிப்பு வேணாம்மா இனி உன் வகுப்புக்கு. அடுத்த பாடத்தையும் இப்படியே செய். முடிஞ்சா என்னையும் கூப்பிடு, ஏதாவது ஒரு குழுவுல போடு."

"போடுறேன் சார்" என்றார் டீச்சர். அச்சகத்திலோ பள்ளியிலோ அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

எல்லோரும் கலையும்போது தைக்கிறவர் மட்டும் மேசையருகே வந்தார்.

"டீச்சர், அடுத்த கதையில எனக்கு முதல்ல பேசுற மாதிரி ஒரு வேஷம் குடுங்க. நிறையப் பேச்சு சேர்ந்து கிடக்கு."