ஐந்நூற்று முப்பத்தேழு வாக்குகள்

"பெரியப்பா, அமெரிக்காவிலை இப்ப ஆர் ஜனாதிபதி எண்டு டொக்டர் கேக்கிறா."

"நினைவுச் சோதனையிலை இதையும் கேக்கினமோ? அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறன்."

"சொல்லுங்கோ."

"அல் கோர்."

"பகிடி விடாதேங்கோ. அவ எழுதப் போறா."

"எழுதட்டும். வெண்ட மனுசன்ரை பேரைத்தானே சொன்னனான்."

மொழிபெயர்க்க வரவேண்டியவர் அன்று வரவில்லை. அதனால் மாலினிதான் கஸ்பர் பெரியப்பாவுக்கும் மருத்துவருக்கும் நடுவில் இருந்தாள். அந்தப் பதிலை உடனே ஆங்கிலத்தில் சொல்லாமல் அவள் காத்திருந்தாள்.

பழைய கிரிக்கெட் ஆட்டத்தை ஒரு கைநழுவிய கேட்சிலிருந்து சிலர் திருப்பி ஆடுவார்கள். பெரியப்பா அமெரிக்கத் தேர்தல்களைத் திருப்பி நடத்துவார். லண்டனின் மிச்சம் பகுதியில் அவர் ஓட்டிய மினிகேப்பில், அந்த வாடகைக் காரில், ஏறியவர்கள் இறங்கும்வரை அதைத்தான் கேட்டார்கள். எந்தத் தேர்தலில் தொடங்கினாலும் இரண்டாயிரமாம் ஆண்டுக்கு, புளோரிடாவுக்கு, அல் கோரைத் தோற்கடித்த அந்த ஐந்நூற்று முப்பத்தேழு வாக்குகளுக்கு வந்து நிற்பார். அவை மறுபக்கம் போயிருந்தால், அவர் கதையில் ஈராக்கில் சண்டை இல்லை. குவைத்தில் சமையல் வேலை பார்த்த தம்பியை எவரும் அமெரிக்க முகாமுக்கு அனுப்பவில்லை. சமையல் கூடாரத்தின்மேல் ஷெல் விழவில்லை. தம்பி லண்டனுக்கு வந்து, டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போடுகிறார். கொத்து ரொட்டிக்கு உப்புக் கூடிப் போகிறது. சனம் குறை சொல்லிக்கொண்டே வாங்குகிறது.

அந்தத் தம்பி மாலினியின் அப்பா. அவர் சாகும்போது அவளுக்கு நான்கு வயது. அப்பாவின் குரல் அவளுக்கு ஞாபகமில்லை. இல்லாத கடையின் பெயர்ப்பலகை நீல நிறம் என்பது தெரியும்.

கதை முடிந்ததும் பெரியப்பா மூக்கைச் சொறிந்துகொண்டு, "சும்மா, பிள்ளை" என்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொரு மணியாச்சு. கொப்பர் கடை திறந்திட்டாரோ?"

அவர் மூக்கைச் சொறியவில்லை.

அல் கோர் என்கிறார் என்று மாலினி ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் தாளில் சின்னதாக ஒரு குறி போட்டார். மேசையில் கை துடைக்கும் தாள் பெட்டி இருந்தது. அதன் ஓரம் கிழிந்திருந்தது. மாலினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"ஓம் பெரியப்பா, அப்பா திறந்திட்டார்," என்றாள்.

போன அமெரிக்கத் தேர்தலின் முடிவு வந்த காலையில், காரின் கண்ணாடியைத் துடைத்தபடி அவர் அவளிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"எனக்கும் ஒரு நாளைக்கு மறதி வரும், பிள்ளை. அப்ப கொப்பர் எங்கை எண்டு கேப்பன். செத்துப்போனார் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. கடையிலை நிக்கிறார் எண்டு சொல்லு."