பதினெட்டாவது ஸ்லைடு

ஆரணியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ரெண்டாயிரத்துக்குப் பிறகு அது. ஊரில் ஸ்லைடு செய்ய என்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. எழுத்து சுழன்றுகொண்டு வரும், படம் பறந்து வந்து உட்காரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். புதிதாக எந்த வித்தை வந்தாலும் அன்றைக்கே கற்றுக்கொண்டுவிடுவேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சாயப் பட்டறை வந்தது. வருடம் திரும்புவதற்குள் பொதுக்கிணற்றுத் தண்ணீர் சிவந்துவிட்டது. எதிர்வீட்டில் தறி நெய்த அக்காவின் சின்ன மகளுக்குக் கால் முழுக்கப் புண். தெருவுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்த பிறகு, மாவட்ட அதிகாரி ஒருவர் நேரில் வரச் சொன்னார். பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தெருவே என்னை நம்பியது.

நாலு நாள் உட்கார்ந்து பதினெட்டு ஸ்லைடு செய்தேன். நெசவுக்காரன் பிள்ளை அல்லவா, புடவை மாதிரியே செய்தேன். எல்லாவற்றுக்கும் ஜரிகை நிறத்தில் கரை போட்டேன். முதலில் தெருவின் வரலாறு, அப்புறம் பட்டின் பெருமை, அப்புறம் சட்டம். தறியில் முந்தானை கடைசியில்தானே வரும்? கிணற்றுப் படத்தையும் அந்தக் குழந்தையின் கால் படத்தையும் சேர்த்துக் கடைசி ஸ்லைடாக வைத்தேன்.

கிளம்புகிற அன்று அக்கா ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள்.

"இத்த அவரு மேசமேல வச்சிடட்டுமா தம்பி?"

"வாணாங்கா. பாக்க நல்லா இருக்காது. ஸ்லைடுலயே எல்லாம் வருது. பையிலயே இருக்கட்டும்."

அதிகாரி நல்ல மனிதர்தான். கவனமாகத்தான் பார்த்தார். ஆனால் என் எழுத்துகள் டக் டக்கென்று ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஏழாவது ஸ்லைடில் பத்து நிமிடம் முடிந்தது. "மனுவ குடுத்துட்டுப் போங்க, பாக்கறேன்" என்று எழுந்தார். "கடைசிப் படம் மட்டும் சார்" என்று நான் சொல்வதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

பஸ்ஸில் வழி நெடுக புரொஜெக்டரைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடையில் புடவை காட்டுகிறவன் முந்தானையைத்தான் முதலில் விரித்துப் போடுவான். பிறந்ததிலிருந்து பார்த்தது அது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போளூர் தாண்டியதும், மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கிணத்துப் படம் வரும்னியே தம்பி. நானும் பாத்துகினே இருந்தேன். வந்துச்சா, நான்தான் கவனிக்கலியா?"

"வரலக்கா" என்றேன்.

மாதங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. குழந்தையின் காலைப் பார்க்கச் சகிக்காமல், வெம்பாக்கத்தில் இருந்த அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று அக்கா முடிவு செய்தாள். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் ஏற்றியான பிறகு, ஆணியில் மாட்டியிருந்த அந்தப் பையை எடுத்தாள். பாட்டில் அப்படியே இருந்தது.

"இத்த இப்ப கொட்டிடலாமா தம்பி?" என்று என்னைக் கேட்டாள்.