மவ்ஜூதா எழுந்து ஆடாத விருந்து

இளவேனில் காலத்தில் அந்திநேர மஃரிபு பாங்கும் எங்கள் முற்றத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்து விழும். புகாராவில் ஒரு பழைய மதரசாவின் முற்றம் அது. ஓதுகிற பிள்ளைகள் இருந்த அறைகளில் இப்போது பட்டு அங்கி விற்கிறார்கள். நடுவில் மேசை போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடும் ஆட்டமும். எனக்குப் பின்கட்டில் அடுப்படி வேலை. பாங்கு கேட்டதும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் விரிப்பைப் போட்டுத் தொழுவேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆடுகிற பெண்கள் உடை மாற்றும் அறை. அங்கே தாயிரா என்ற கைப்பறையைத் தட்டத் தொடங்கிவிட்டால் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பதே எனக்கு மறந்துபோய்விடும். ஆனால் நான் சலாம் கொடுத்து முடிக்கும்வரை ஒருநாளும் தாயிரா முழங்கியதில்லை. அல்லாஹ்வின் கிருபை என்று நினைத்துக்கொள்வேன்.

தாயிரா அடிக்கிற ரஜப் அகா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். எல்லாரும் தயாராக நிற்கும்போது ஆட்டக்காரி மவ்ஜூதா உட்கார்ந்து காலில் கட்டிய சதங்கையை அவிழ்த்து மறுபடி கட்டுவாளாம். முடிச்சு இறுகவில்லை என்பாளாம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பாளாம். தாமதத்துக்காக மேலாளர் ஷவ்கத்திடம் திட்டு வாங்குவதும் அவள்தான். என்னிடம் அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கிருபை கிருபைதான், அது அவள் விரல் வழியாக வந்தது.

மவ்ஜூதா ஊர்க் குளத்துக்குத் தெற்கே உள்ள குடியிருப்பில், எங்கள் மஹல்லாவில் பிறந்தவள். அப்பா தந்தூர் ரொட்டிக்காரர். பள்ளிக்கூட நாளிலேயே ஊர்க் கலாமன்றத்து ஆட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள். மாஸ்கோவிலிருந்து ஆண்ட காலத்தில் அது கௌரவமான வேலை. மேடையில் பூச்செண்டு கொடுப்பார்கள், செய்தித்தாளில் படம் போடுவார்கள். ஆட்சி மாறியது, குழு கலைந்தது. கட்டட வேலைக்கு என்று ரஷ்யாவுக்குப் போன கணவன் கொஞ்ச காலம் போன் செய்தான், பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அவள் மகள் நிகாரா நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. மவ்ஜூதா சதங்கையை எடுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுடையது குதித்துச் சுழல்கிற ஆட்டமில்லை. நின்ற இடத்தில் நிற்பாள். தோள் மட்டும் நடுங்கும், மணிக்கட்டில் கட்டியிருக்கும் இன்னொரு சதங்கை மட்டும் சிணுங்கும். முள்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட மறந்து பார்ப்பார்கள். ஆட்டம் பாவமா இல்லையா என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தத் தராசு வேறொருவன் கையில் இருக்கிறது. அந்தச் சதங்கையைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு பெண்ணை வளர்த்தாள், அது தெரியும்.

மஹல்லாவின் வாய் அப்படியில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி என்னையே கேட்டாள், "உங்க அடுப்படியில வெங்காயம் மட்டுந்தான் நறுக்குறீங்களா, மானத்தையும் சேத்தா?" என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நிகாராவுக்குப் பத்தொன்பது ஆனது. பொன்னிழைத் தையல் பழகிய பெண், தலை நிமிராமல் வேலை பார்ப்பாள். பெண் கேட்டு வந்தவர்கள் தேநீர் குடிப்பார்கள், தைத்து வைத்திருப்பதைப் புகழ்வார்கள், அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார்கள். இந்தக் காலத்தில் மவ்ஜூதாவுக்கு வேறு பேச்சே கிடையாது. மகளை நல்ல வீட்டில் சேர்த்துவிட வேண்டும். தன் பெயர் மகள் தலையில் விழுந்துவிடக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றே என்பாள்.

ஓர் இலையுதிர் காலத்தில் சரோஃபத் என்பவள் பெண் கேட்டு வந்தாள். மாப்பிள்ளை ஜியாவுத்தீனின் அத்தை. பையன் ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறான், நிகாராவைத் தையல் கூடத்து வாசலில் பார்த்திருக்கிறான், கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். மவ்ஜூதாவுக்கு அக்கா தங்கை இல்லை. என்னை மூத்தவளாக வைத்து அபா என்றுதான் கூப்பிடுவாள். அதனால் பெண் வீட்டுப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சரோஃபத் எல்லாம் இனிமையாகத்தான் பேசினாள். எழுந்து செருப்பைப் போடும்போது மட்டும், குனிந்தபடியே, "பொண்ணு தங்கம். சம்பந்தியம்மா சாயங்காலம் ஆடுறதுதான்... எங்க மஹல்லா பொல்லாத மஹல்லா, பாத்துக்கங்க" என்றாள்.

மறுநாளே மவ்ஜூதா ஷவ்கத்திடம் போய் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இலையுதிர் காலம்தான் எங்களுக்குக் கூட்டம் நெருக்குகிற காலம். ஷவ்கத் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார், இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவள் சதங்கையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அப்பாவின் பழைய தந்தூரை மெழுகி, சம்சா சுட்டுச் சந்தையில் விற்றாள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. முகம் மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெளிவாக இருந்தது. வழக்கப்படி இரு வீட்டாரும் சேர்ந்து ரொட்டி பிய்த்து நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதத்துக்கு அடையாளமாக வெள்ளைத் துணி வந்தது. அதை எடுத்து எடுத்துப் பார்த்து மடித்து வைப்பாள்.

நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பெண்கள் விருந்து. பலாவ் சாப்பிட்டு முடித்துத் தேநீர் சுற்றி வந்தது. தாயிராக்காரி பாட ஆரம்பித்து, வழக்கப்படி சம்பந்திகள் இருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள். எங்கள் ஊரில் அந்த அழைப்பு வந்தால் பெண்ணைப் பெற்றவள் எழுந்தாக வேண்டும். ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை. கால் விளங்காதவள்கூட உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி அசைப்பாள். எழாவிட்டால் இந்தச் சம்பந்தத்தில் மனமில்லை என்று அர்த்தம். இது மவ்ஜூதாவுக்குத் தெரியாததா? எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை தாய்மார்களைக் கைபிடித்து எழுப்பி ஆடவைத்தவள் அவள்.

மாப்பிள்ளையின் தாய் கும்ரி கனத்த உடம்புக்காரி. மூட்டுவலி. அவள் எழுந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எங்கள் விரிப்பு வரைக்கும் வந்தாள். "வாங்க சம்பந்தி, ரெண்டு சுத்து" என்றாள்.

பக்கத்தில் இருந்த மவ்ஜூதாவின் உடம்பு கல்லாக இறுகுவது எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்து, "மன்னிச்சுக்கங்க, நான் இப்ப ஆடுறதில்ல" என்றாள்.

நான் அவள் முழங்கையைத் தள்ளினேன். எழவில்லை. கும்ரி சிரித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை. தாயிராவை நடுவில் நிறுத்தினால் அது இன்னும் கெட்ட சகுனம், ஆகவே தாயிராக்காரி அடித்துக்கொண்டே இருந்தாள். கும்ரி வலிக்கிற காலோடு எங்கள் முன்னால் தனியாகச் சுற்றி ஆடினாள். முற்றம் நிறையப் பெண்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மவ்ஜூதா மூச்சிரைக்கச் சொன்னாள், அவர்கள் தன்னைச் சோதித்துப் பார்த்தார்கள், தான் தோற்கவில்லை என்று. சரோஃபத் செருப்புப் போடும்போது சொன்ன சொல்லைத்தான் அவள் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுமந்திருக்கிறாள். தாயிரா கூப்பிட்டபோதும் அவள் காதில் அதுதான் கேட்டிருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்று இரவு இஷாத் தொழுகையில் வெகுநேரம் கையேந்தி இருந்தேன்.

அந்த வாரமே சரோஃபத் மூட்டையோடு வந்துவிட்டாள். நாங்கள் அனுப்பிய துணிமணி, இனிப்பு, இன்னும் பிய்க்காத இரண்டு முழு ரொட்டி. வாசற்படி ஏறவில்லை. "வெளிநாட்டுக்காரனுக்கு ஆடுன காலு எங்க முத்தத்துல மட்டும் மரத்துப்போச்சாம்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கும்ரியிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன், உங்கள் கௌரவத்துக்காகத்தான் எழவில்லை என்றேன். அவள் நல்லவள்தான். எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள், கேட்டுக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்கூட. நாத்தனார் அப்படிச் சொன்னதே தனக்குத் தெரியாது என்றாள். பிறகு சொன்னாள்:

"என் வாயால ஆட வேண்டாம்னு நான் சொல்லலையே அபா. அத்தனை பேருக்கு முன்னாடி மூணு தடவ கை நீட்டுனேன். இப்ப அவங்க எதுக்காக எழலேன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் போயி நான் விளக்கிட்டிருக்க முடியுமா?"

நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பையன் கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்தானாம். வசந்தகால நவ்ரூஸ் பண்டிகை வருவதற்குள் அவனுக்கு வேறிடத்தில் முடித்துவிட்டார்கள்.

நிகாரா அழுது நான் பார்க்கவில்லை. ஊசியும் கையுமாகவே இருந்தாள். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது மவ்ஜூதா அவளுக்குத் கிண்ணத்தில் சூப்பு கொண்டுவந்து வைத்தாள். நிகாரா தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊருக்கெல்லாம் ஆடுன. எனக்கு மட்டும் ஆடல" என்றாள். தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். சூப்பின் மேல் கொழுப்பு ஆடையாகக் கட்டியது. அந்தக் கோடையில் நிகாரா தாஷ்கண்டில் தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். பெருநாளைக்குப் போன் செய்வாள், என்னிடம் நலம் கேட்பாள், அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால் அவசரமாக வைத்துவிடுவாள்.

சம்சா விற்ற காசில் வீட்டு அடுப்பு எரியவில்லை. மவ்ஜூதா மறுபடி ஷவ்கத்திடம் வந்தாள். ஆட்டத்துக்கு இளம்பெண்கள் வந்துவிட்டார்கள் என்றார். அவர் கெட்டவரில்லை, அவருக்கும் மேலே முதலாளி இருந்தார். அந்த வருடம் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். புகாராக் கல்யாணம் என்று ஒரு காட்சி. ஒரு பெண்ணுக்கு முகத்திரை போட்டுக் கொண்டுவருவார்கள், தாயிரா முழங்கும், சம்பந்திகள் இருவரும் எழுந்து ஆடுவார்கள். அதில் பெண்ணின் தாயாக நிற்க ஆள் வேண்டும் என்றார். வயசுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார்.

அவள் சரி என்றாள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சாப்பிட வேண்டுமே அபா என்றாள்.

அந்த இலையுதிர் காலம் முழுக்கச் சாயங்காலந்தோறும் அவள் எழுந்து ஆடினாள். கூப்பிட்ட முதல் அழைப்பிலேயே எழுவாள், சில நாள் கூப்பிடுமுன்பே எழுந்துவிடுவாள். ரஜப் அகா தாயிராவில் முகத்தை மறைத்துக்கொண்டு அடிப்பார். இளம்பெண்கள் அவளை, இன்றைக்கு எத்தனையாவது மகளைக் கட்டிக் கொடுத்தீர்கள் என்று கேலி செய்வார்கள். விஷயம் தெரியாத பிள்ளைகள். அவளும் சிரிப்பாள். நான் அடுப்படி வாசலில் நின்று ஒருமுறைதான் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு அந்த நேரத்துக்குப் பாத்திரத் தொட்டியில் குழாயைப் பெரிதாகத் திறந்து வைத்துவிடுவேன்.

பனி விழத் தொடங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. மவ்ஜூதா வீட்டைப் பூட்டினாள். ரஷ்யாவில் ஏதோ ஆஸ்பத்திரியில் தரை துடைக்க ஆள் எடுக்கிறார்களாம். சந்தைக்குப் பின்னாலிருந்து பஸ். நான் ரொட்டியும் உலர்ந்த திராட்சையும் கட்டிக் கொண்டுபோனேன். பாதை நலமாகட்டும் என்று துஆ ஓதி அவள் நெற்றியில் ஊதினேன். அவள் கை ஐஸாக இருந்தது. நிகாராவுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏறுவதற்கு முன் என் கையை விடாமல் சொன்னாள்:

"அன்னிக்கு எழுந்து ஆடியிருந்தா அவ கல்யாணம் நடந்திருக்குமா அபா? இல்ல, ஆடிட்டான்னு அதையே சாக்கா வச்சு முறிச்சிருப்பாங்களா? படுத்தா இதுதான் வருது. ஆமான்னும் சொல்லிராதீங்க, இல்லேன்னும் சொல்லிராதீங்க."