நெய்தலிக்கு நான் குறைத்து எழுதிய எண்

நான் எண்ணை மாற்றி எழுதினேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே எழுதினேன். ஒரு முறை அல்ல... தொடர்ந்து மூன்று மாதங்கள்.

அந்த எண்களை நீங்களும் பார்த்திருக்கலாம். தமிழ் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில், மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு பட்டியல் வரும். எந்த இதழ், எந்தக் கடையில், எத்தனை விற்றது என்று. அதைப் போடுகிறவன் நான்தான். அதன் கீழே நீங்கள் சண்டை போட்டிருந்தால், இது உங்களிடமும் சொல்ல வேண்டிய விஷயம்.

என் பெயர் சவரிமுத்து. பிறந்தது ஆவூர், குடியிருப்பது கீரனூர். திருச்சியில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில்தான் காமிக்ஸ் படிக்கத் தொடங்கினேன். பிறகு அதுவே பித்தாகிவிட்டது.

பட்டியல் போடு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவேன். புதுக்கோட்டை, கீரனூர், அறந்தாங்கி, திருச்சி. எத்தனை வந்தது, எத்தனை மிச்சம்? இரண்டே கேள்விகள். இதனால் எனக்குப் பைசா வருமானம் கிடையாது. ஆனால் மதிப்பு இருந்தது! கடைகளே தெரியாத சிங்கப்பூர்க்காரர் கூட என் பட்டியலுக்காகக் காத்திருப்பார்.

பதிப்பாளரும் காத்திருப்பார். திருச்சியில் சின்ன அச்சகம் வைத்து, மாதம் நான்கு இதழ்கள் கொண்டுவரும் பெரியவர் அவர். விற்காத பிரதிகள் கடைகளிலிருந்து அவருக்குத் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று அதற்கு முன்னால் அறிந்துகொள்ள அவருக்கு என் பட்டியலை விட்டால் வேறு வழியில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த நான்கில் ஒன்று 'நெய்தலி'. உப்புக்காற்றைக் கைக்குள் அடக்கும் ஒரு மீனவப் பெண்ணின் கதை. எழுதி வரைந்தவள் தமிழரசி. அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், கணவர் குவைத்தில். பள்ளி விட்டு வந்து, சமையலை முடித்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே வரைவாள். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள்.

அவள்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை... அதுதான் கொடுமை.

நானும் ஒரு கதை எழுதியிருந்தேன். இரண்டு வருடம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய கதை. அதைப் பதிப்பாளரிடம் கொடுத்தபோது அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இருந்த ஒரு எடத்தையும் அறந்தாங்கிப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். அது ஓடலேன்னா பாப்போம்."

அது ஓடலேன்னா... திருச்சியிலிருந்து கீரனூர் வரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் இருந்தது.

நெய்தலியின் நான்காம் இதழ் வந்த மாதம். வழக்கம்போல அறந்தாங்கிக் கடைக்குப் போன் போட்டேன்.

"நெய்தலியா? ஒண்ணுகூட இல்ல தம்பி. வந்தது பூராம் தீந்துருச்சு. இன்னமும் ஆளு வந்து கேட்டுட்டு வெறுங்கையோட போகுது" என்றார் கடைக்காரர்.

வந்த பிரதிகளில் பாதிக்கு மேல் மிச்சம் என்று எழுதினேன். ஸ்டோரில் ஒரு பெட்டியை வேறு அடுக்கில் மாற்றி வைப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

நெய்தலிக்கு அறந்தாங்கிதான் பெரிய கடை. அந்த ஒரு வரி குறைந்ததும் பட்டியலில் இரண்டாம் இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு இறங்கியது. மற்றக் கடைகளின் கணக்கெல்லாம் உண்மையாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை!

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் திகைப்பு. ரசிகர்கள் அந்தப் பொய்க்குக் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். பெண் நாயகி என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்றார் ஒருவர். மூன்றாம் இதழில் உடையின் நிறத்தை மாற்றியதுதான் வினை என்றார் இன்னொருவர். சிங்கப்பூர்க்காரர் நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரையே எழுதினார். கடலோரக் கதைகள் ஏன் சலித்துப்போகின்றன என்று! நேற்றுவரை நெய்தலியைக் கொண்டாடியவர்கள் கூட, தங்களுக்கும் அது முதலிலிருந்தே அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். விற்கவில்லை என்று கேள்விப்பட்ட பிறகு கதையே வேறாகத் தெரிந்தது அவர்களுக்கு.

நான் எல்லாவற்றையும் படித்தேன். அடுத்த மாதமும் அப்படியே எழுதினேன்.

அப்போதுதான் தமிழரசி போன் செய்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நம்ம ஊருக் கடையில கேட்டேன். தீந்துபோச்சுங்கிறாரு. ஒங்க லிஸ்ட்டுல மிச்சம்னு இருக்கே?"

இந்த இடத்தில் நான் நின்றிருக்கலாம். ஐயோ, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

நான் சொன்னது இது: "கடைக்காரங்க ஒன் மொகத்துக்கு நேரா விக்கலேன்னு சொல்லுவாங்களாம்மா? மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

"ஆமால்ல... சரிங்கண்ணே" என்றாள்.

எண்ணை மாற்றியது ஒரு குற்றம் என்றால் இது அதைவிடப் பெரியது. தன் சொந்த ஊரில், தன் கண் முன்னால் நடந்ததையே அவள் நம்பாமல் போகும்படி செய்தேன். அதற்குப் பிறகு கடையில் யார் பாராட்டினாலும் அவளுக்கு அது இரக்கமாகத்தானே பட்டிருக்கும்?

மூன்றாவது மாதமும் அப்படியே எழுதினேன். ஆறாம் இதழோடு நெய்தலி நின்றது. புயலுக்குள் படகு ஓட்டிப் போனவள் கரை திரும்பவே இல்லை; கதை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. தமிழரசி வேலையை விட்டுவிட்டுக் கணவரிடம் குவைத்துக்குப் போனாள்.

என் கதைக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த இடத்தில் பழைய நாயகன் ஒருவனின் மறுபதிப்பைப் போட்டார் பதிப்பாளர். நான் மறுபடி கேட்கவும் இல்லை. எந்த முகத்தோடு கேட்பது!

சில மாதம் கழித்து, விற்காத பிரதிகள் அவரிடம் திரும்பி வந்தன. அறந்தாங்கியிலிருந்து ஒரு நெய்தலிகூட வரவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி இது? ஒங்க கணக்குப்படி பாத்தா கட்டுக்கட்டா வந்திருக்கணுமே?"

"கடைக்காரரு தப்பாச் சொல்லியிருப்பாருங்க" என்றேன். உண்மையைச் சொன்ன ஒரே மனிதர்மேல் பழியைப் போட்டேன்.

பதிப்பாளர் குவைத்துக்குப் போன் போட்டுத் தொடரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிரதிகள் தீர்ந்துபோனதை அவர் சொல்லியும் அவள் நம்பவில்லையாம்; ரசிகர்களே வேண்டாம் என்றதை இனி எதற்கு வரைவது என்று அவள் மறுத்துவிட்டாளாம்.

அந்தத் தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "பொய் சொன்னேன், சாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லும் சின்னச் சின்னப் பொய்களோடு இதையும் கலந்து நீட்டினேன். அவர் மன்னிப்பு வழங்கினார். ஆனால் எதற்கு வழங்கினார்? அவருக்கே தெரியாத ஒன்றுக்கு மன்னிப்பு எப்படிப் பொருந்தும்?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அறந்தாங்கி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல்: "அண்ணே! எங்க இங்கிட்டு?"

தமிழரசி. விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

"வரையுறியாம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் விட்டுட்டேண்ணே. அங்க ஒரு கடையில பில் போடுறேன்." டம்ளரைக் கையில் உருட்டியபடி தொடர்ந்தாள். "ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு ஏமாத்துனாங்க. நீங்க ஒருத்தருதான் உள்ளதச் சொன்னீங்க. இல்லாட்டி இன்னமும் அதுலயே கெடந்திருப்பேன்."

என் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. சுற்றிலும் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவள் அவசரத்திலும் இல்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

நான் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். குவைத்தில் வெயில் எப்படி என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

பட்டியல் இன்னும் போடுகிறேன். இப்போது ஒரு எண்ணைக்கூட மாற்றுவதில்லை. ஆனால் அதனால் என்ன? இனி எத்தனை மாதம் சரியாக எழுதினாலும் அந்த மூன்று மாதங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இதைப் படிக்கும் உங்களில் யாரோ ஒருவர் அவளிடம் சொல்லிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அதற்காகத்தான் எழுதுகிறேனோ... என் வாயால் சொல்ல வேண்டியதை உங்கள் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேனோ?

அவள் எண் என் போனில் இருக்கிறது. உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.