வயது வந்தோருக்கான அப்பா

அன்று காலை அக்கா கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திப் புடவையில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. விசாரணை காணொளியில்தான். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்துதான் பேசப் போகிறாள். இருந்தாலும், நேரில் போய் நிற்பதுபோலத் தயாராகியிருந்தாள். அவள் உருவாக்கிய வீடியோ கேமைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் விளையாடலாம் என்று, விளையாட்டுகளுக்கு வயது முத்திரை தரும் அரசுக் குழு சொல்லியிருந்தது. அதை எதிர்த்து முறையிட்டிருந்தாள்.

அப்போது அக்காவுக்குச் சென்னையில் ஒரு சின்ன கேம் நிறுவனத்தில் வேலை; விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாள். மற்றவர்கள் சொன்னதையே வரைந்துகொண்டிருந்தவள், முதல்முறையாகத் தன் கதையை விளையாட்டாக்கினாள். எங்கள் ஊரைப் போலவே ஓர் ஊர். ஒரு சிறுமி தினமும் பீங்கான் கம்பெனிக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவாள். காய்ந்த களிமண்ணைப் பொடியாக அரைக்கும் இடத்தில், புருவம்வரை வெள்ளையாக அவர் நிற்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து வீடு திரும்ப வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் அவருக்கு மூச்சு குறையும், நடை தளரும். சிறுமி அவர் வேகத்துக்கே நடக்க வேண்டும். ஓடினால் அவர் பின்தங்கிவிடுவார். கடைசிக் கட்டத்தில் அவர் எழுந்திருக்க மாட்டார்.

எங்கள் அப்பா அப்படித்தான் போனார், நுரையீரலெல்லாம் தூசி படிந்து. எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் பார்த்தவள். இன்றும் அந்தத் தூசிக்குள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இதை விளையாட வேண்டும், வீட்டுக்குப் போய் ‘மாஸ்க் போட்டுக்கிறியாப்பா?’ என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

குழுவில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன்மையாகத்தான் பேசினார்.

“குழந்தைங்க மனசு தாங்காதும்மா. கடைசியில அப்பாவப் பொழைக்க வச்சிடுங்க. ஏழு வயசுக்கே குடுத்திடலாம்.”

அக்கா மடிக்கணினியை நோக்கிக் குனிந்தாள்.

“எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதினோரு வயசு சார். எனக்கு யாரு வயசு பாத்தாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வருத்தம் புரியுது. ஆனா ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

பதினெட்டு பதினெட்டாகவே நின்றது. ஆட்களைக் குறிபார்த்துச் சுடும் வேறொரு விளையாட்டுக்கு அதே குழு பதின்மூன்று வயது போதும் என்றிருந்தது. அதில் சாகிறவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது போலிருக்கிறது.

கதையின் முடிவை மாற்ற மாட்டேன் என்றாள் அக்கா. ஆனால் விளையாட்டு நிறுவனத்தின் சொத்து, அவளுடையது அல்ல. முதலாளி வேறொருவரை வைத்து மாற்றினார். இப்போது அந்த அப்பா மருந்தைக் குடித்துவிட்டு எழுந்து உட்கார்கிறார், சிறுமி கைதட்டுகிறாள். ஏழு வயது முத்திரை கிடைத்தது. பள்ளிக்கூடங்கள்கூட வாங்கின. அக்கா வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள்.

போன பொங்கலின்போது பக்கத்து வீட்டுச் சிறுமி போனை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவிடம் வந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அப்பாவும் மண் அரைக்கத்தான் போகிறார். அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு அந்த விளையாட்டை ஆடிக் காட்டினாள். மாற்றிய முடிவை அம்மா அதுவரை பார்த்ததில்லை. திரையில் அவர் எழுந்து உட்கார்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எழுந்திரிச்சிட்டாரு பாரு… இன்னொரு வாட்டி போடு கண்ணு.”

சிறுமி மறுபடியும் போட்டாள். “எங்கப்பாவும் இருமுறாரு ஆயா. மருந்து குடிச்சா இதே மாதிரி சரியாயிடும்.”

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இல்ல கண்ணு…” என்று ஆரம்பித்தாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை; கன்னத்தில் நீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.